கடற்பாசி பருப்புக்கு ஈடாகுமா?

புரட்டாசி வந்தாச்சு. விடுதியில் தங்கிப் படிக்கும் நம் நண்பர்கள் பலருக்கும் ஒரே கேள்விதான்: "ஒரு மாசம் சைவம், புரதத்துக்கு என்ன பண்றது?"

போன வருஷம் என் அறைத்தோழன் ஒரு வழி கண்டுபிடித்தான். "நோரியில நூத்துக்கு நாப்பது புரதம்டா, பருப்பைவிட ஜாஸ்தி!" வெள்ளைச் சோறும் கடற்பாசிப் பாக்கெட்டுமாக நாட்களை ஓட்டினான். எந்நேரமும் பசி, வகுப்பில் தூக்கம்.

அவன் சொன்ன சதவீதம் தப்பில்லை. காய்ந்த நோரியில் 30 முதல் 40 சதவீதத்துக்கு மேலும் புரதம் உண்டு. துவரம்பருப்பில் சுமார் 22 சதவீதம்தான். அப்புறம் எங்கே தவறு? எடையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சுஷி சுற்றும் முழு நோரித் தாள் ஒன்று சுமார் 3 கிராம். அதில் புரதம் 1 கிராம் சொச்சம். 50 கிராம் துவரம்பருப்பிலோ 11 கிராம். அதற்கு ஈடாக ஒன்பது, பத்துத் தாள் சாப்பிடணும்! 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும்.

"சரி, பத்துத் தாள் சாப்பிட்டாப் போச்சு" என்கிறீர்களா? அயோடினை மறக்காதீங்க. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். கொம்பு என்ற பழுப்புப் பாசியில் ஒரே கிராமில் இதைப்போலப் பல மடங்கு இருக்கும். நோரியில் குறைவுதான், ஆனாலும் தினமும் பத்துத் தாள் என்றால் அளவு மீறும். தைராய்டு பாதிக்கப்படலாம்.

பாசி எல்லாம் ஒன்றல்ல. தீபாவளிக்கு வீட்டில் செய்யும் அகர் அகரும் பாசியிலிருந்து வருவதுதான். ஆனால் அது சிவப்புப் பாசியின் செல்சுவரிலிருந்து பிரித்தெடுத்த நார்ச்சத்து. புரதம் அநேகமாக இல்லை. ராமநாதபுரம் கடலில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் அகர் தயாரிக்கத்தான் போகிறது.

அப்படியானால் நோரி வேண்டாமா? தாராளமாகச் சாப்பிடுங்கள், தொட்டுக்கொள்ள. வயிற்றை நிரப்பப் பருப்பு, தௌஹு, தயிர் இருக்கட்டும். அரிசியில் குறையும் லைசினைப் பருப்பு ஈடுகட்டும். நம் சாம்பார் சோறு சும்மா வந்ததில்லை.

விரதம் இருப்பவர்களுக்கு இன்னொன்று: பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். சிலவற்றில் இறால், மீன் சுவையூட்டி சேர்த்திருப்பார்கள்.

இந்த வாரம் தேக்கா போனால் முதலில் ஒரு கிலோ பருப்பு வாங்குங்க. நோரி அப்புறம்!