காசநோய் மாத்திரையும் கண் பார்வையும்

அரசுத் திட்டத்தின்கீழ் வழங்கப்படும் காசநோய்க் கூட்டு மாத்திரையில் முதல் இரண்டு மாதங்களுக்கு நான்கு மருந்துகளும், அடுத்த நான்கு மாதங்களுக்கு மூன்று மருந்துகளும் அடங்கியுள்ளன. இரு கட்டங்களிலும் இடம்பெறுவது எதாம்புட்டால். பெரியவர்களுக்கான ஒரு மாத்திரையில் இது 275 மில்லிகிராம் உண்டு; நாளொன்றுக்கு எத்தனை மாத்திரை என்பது உடல் எடையைப் பொறுத்தது. மற்ற மருந்துகளுக்குக் கிருமிகள் எதிர்ப்புத்திறன் பெறாமல் காப்பது எதாம்புட்டாலின் பணி. மிகச் சிலருக்கு இம்மருந்து பார்வை நரம்பைத் தாக்குகிறது. இதனைப் பார்வை நரம்பு அழற்சி என்பர்.

அழற்சி என்றதும் சிவந்து வலிக்கும் கண்ணே நம் நினைவுக்கு வரும். இங்கு அப்படியன்று. கண் சிவப்பதில்லை, நீர் வடிவதில்லை, பெரும்பாலும் வலியும் இராது. மருந்து தொடங்கிப் பொதுவாக இரண்டு மாதங்களுக்குப் பின்னர், பெரும்பாலும் இரு கண்களிலும், பார்வையின் நடுப்பகுதி மெல்ல மங்கும். சிவப்பும் பச்சையும் வெளிறித் தோன்றும். பிள்ளைப்பாக்கம், ஒரகடம் தொழிற்சாலைகளில் நிறம் பார்த்து மின்கம்பிகளை இணைப்போரும், இயந்திரங்களின் சிவப்பு, பச்சை விளக்குகளைக் கவனிப்போரும் இம்மாற்றத்தை மற்றவர்களைவிட முன்னதாகவே உணரக்கூடும். ஆனால் இரவு ஷிஃப்ட் களைப்பு என்று எண்ணி வாளாவிருந்துவிடுகின்றனர். களைப்பினால் வந்த மங்கல் நன்கு உறங்கி எழுந்தால் நீங்கும். இது நீங்காது.

சிறுநீரும் கண்ணீரும் ஆரஞ்சு நிறமாவது ரிஃபாம்பிசின் மருந்தினால். அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை.

எதாம்புட்டாலின் பெரும்பகுதி சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகம் தளர்ந்தவர்களின் உடலில் மருந்து தேங்கி ஆபத்தைக் கூட்டும். நெடுநாள் சர்க்கரை நோயாளிகளும் முதியோரும் இதனை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். சிகிச்சையின் தொடக்கத்திலேயே பார்வையையும் நிறம் பிரித்தறியும் திறனையும் சோதித்துக் குறித்துவைக்கும்படி கேளுங்கள்; பின்னர் ஒப்பிட அதுவே அளவுகோல்.

1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்து மருந்து உண்பவர்களும் சானடோரியத்தில் தங்கியவர்களுக்கு இணையாகக் குணமடைகின்றனர் என 1959இல் உலகுக்குக் காட்டியது. அந்த நன்மையோடு கவனிக்கும் பொறுப்பும் வீட்டாரிடம் வந்து சேர்ந்தது. வாரம் ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், ஒரு கண்ணை மூடிக்கொண்டு தினசரி நாட்காட்டியின் சிறிய எழுத்துகளைப் படிக்கச் செய்யுங்கள். பிறகு மற்றக் கண். குங்குமத்தின் சிவப்பு முன்போலவே தெரிகிறதா என்றும் கேளுங்கள். கண்ணாடி அணிபவர் அதனை அணிந்தே பார்க்கட்டும். சிறு குழந்தைகளுக்குச் சொல்லத் தெரியாது. பொருள்களைத் தடவித் தேடுகிறார்களா என்று பெற்றோரே கவனிக்க வேண்டும்.

மாற்றம் தென்பட்டால் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். எதாம்புட்டாலை உடனே நிறுத்தினால் பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ பார்வை மீள்கிறது. தாமதித்தால் இழப்பு நிலைத்துவிடக்கூடும். ஆனால் அஞ்சி எல்லா மாத்திரைகளையும் நீங்களாகவே கைவிடுதல் கூடாது. அரைகுறைச் சிகிச்சை, மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயை உருவாக்கும். கூட்டு மாத்திரையிலிருந்து இந்த ஒன்றை மட்டும் நீக்கி, மற்றவற்றைத் தனித்தனியாகத் தொடர மருத்துவரால் இயலும். வரும்போது மாத்திரை அட்டையை மறவாமல் கொண்டுவாருங்கள்.