12.5 கோடி, ரெண்டு வருஷம் கழிச்சு 2.3 கோடி: தினேஷ் கார்த்திக் சம்பளக் கணக்கை வச்சு உங்க வீட்டுக் கடனைப் பார்ப்போமா?



"ரிக்கி பான்டிங் சொத்து மதிப்பு எவ்வளவு சார், ஒரு வீடியோ போடுங்க" என்று கேட்கிறீங்க. ஆசை நியாயமானதுதான். 168 டெஸ்ட், 13,378 ரன், 1999, 2003, 2007 என்று மூணு உலகக் கோப்பை. ஓய்வுக்கு அப்புறம் கோச். 2015-ல மும்பை இந்தியன்ஸுக்கு பயிற்சியாளரா இருந்து ஐபிஎல் கோப்பையும் ஜெயிச்சுக் கொடுத்தார். ஆனா அவர் சொத்து மதிப்பு என்று இணையத்துல ஓடுற எந்த எண்ணையும் நான் எடுத்துப் பேச மாட்டேன். ஒருத்தரோட வருமான வரி ரிட்டர்ன் பொது ஆவணம் கிடையாது. நம்ம நாட்டுல தேர்தல்ல நின்னாதான் சொத்துக் கணக்கு பிரமாணப் பத்திரமா வெளிய வரும். மத்தபடி அந்த வெப்சைட் எண்கள் எல்லாம் ஒருத்தரைப் பார்த்து இன்னொருத்தர் காப்பி அடிச்சதுதான்.

அதுக்குப் பதிலா 2025 ஜூன் 3, அகமதாபாத் ஃபைனலை நினைச்சுப் பாருங்க. பஞ்சாப் டக்-அவுட்ல தலைமைப் பயிற்சியாளரா பான்டிங். எதிர் டக்-அவுட்ல பெங்களூருவோட பேட்டிங் கோச்சா நம்ம சென்னைக்காரர் தினேஷ் கார்த்திக். ஆறு ரன் வித்தியாசத்துல பெங்களூரு ஜெயிச்சது, 18-வது சீசன்ல முதல் கோப்பை. இந்த ரெண்டு பேரும் 2013-ல கோப்பை ஜெயிச்ச மும்பை அணியில ஒண்ணா இருந்தவங்க என்பது ஒரு துணுக்குத் தகவல்.

நான் கார்த்திக்கை எடுத்துக்கிறேன். அவரோட ஐபிஎல் ஏலத் தொகை எல்லாம் பகிரங்கமா டிவியில் வந்தது, நம்ம வரிச் சட்டத்துலயே கணக்கு போட முடியும். விளம்பரம், மேட்ச் ஃபீஸ், கோச் சம்பளம் எதையும் சேர்க்கலை. ஏலத் தொகை மட்டும்தான்.

2014: டெல்லி, 12.5 கோடி.
2015: பெங்களூரு, 10.5 கோடி.
2016, 2017: குஜராத் லயன்ஸ், வருஷத்துக்கு 2.3 கோடி.
2018 முதல் 2021 வரை: கொல்கத்தா, வருஷத்துக்கு 7.4 கோடி.
2022 முதல் 2024 வரை: திரும்பவும் பெங்களூரு, வருஷத்துக்கு 5.5 கோடி.

கூட்டிப் பாருங்க. 11 வருஷத்துல 73.7 கோடி. சராசரி 6.7 கோடி.

"2.3 கோடிக்கே நமக்கு மயக்கம் வருது, இதுல என்ன சார் பாடம்?" என்று நீங்க சிரிக்கிறது தெரியுது. எண்ணோட அளவை விடுங்க, வடிவத்தைப் பாருங்க. 28 வயசுல உச்சம். 30 வயசுல, அந்த உச்சத்துல இருந்து 80 சதவீதத்துக்கும் மேல சரிவு. ஆள் அதே ஆள்தான், கையில அதே பேட், அதே கீப்பிங் கிளவுஸ். சந்தை மட்டும்தான் வேற விலை சொன்னது. 2014-ல 12.5 கோடியை "என் வருமானம்" என்று நம்பி ஒருத்தர் வாழ்க்கையை அமைச்சிருந்தா, 2016-ல எந்த இடத்துல நின்னிருப்பார்?

அந்த 12.5 கோடியுமே கைக்கு வர்ற காசு இல்லை. 2014-15 நிதியாண்டுல 30 சதவீத வரி, ஒரு கோடிக்கு மேல 10 சதவீத சர்சார்ஜ், 3 சதவீத செஸ், எல்லாம் சேர்த்து உச்ச விகிதம் 33.99 சதவீதம். செலவு, கழிவு எதையும் பார்க்காம தோராயமா போட்டா 4.25 கோடி வரி. இது மாதச் சம்பளம் இல்லை, தொழில்முறைக் கட்டணம், அதனால டிடிஎஸ் 10 சதவீதம்தான், அதாவது 1.25 கோடி. மீதி 3 கோடியை அவரே எடுத்து வச்சு அட்வான்ஸ் டாக்ஸா அப்போ மூணு தவணையில கட்டியிருக்கணும். ஃப்ரீலான்ஸ் பண்ற தம்பி தங்கச்சிங்க இந்த இடத்தை ரெண்டு தடவை படிங்க. அக்கவுன்ட்ல விழுந்த பணத்துல ஒரு பகுதி உங்களுது இல்லை. ஜூலை மாசம் ரிட்டர்ன் ஃபைல் பண்ணும்போது வரியோட வட்டியும் கட்டச் சொன்னா, முகம் வாடிப்போய் உட்காருற பசங்களை வருஷா வருஷம் பார்க்கிறேன்.

அத்திவரதர் வருமானம்

சின்ன காஞ்சிபுரத்துக்காரங்களுக்கு இந்த வடிவம் புதுசு இல்லை. 2019 ஜூலை 1-ல இருந்து ஆகஸ்ட் 17 வரைக்கும் 48 நாள், வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்துல இருந்து அத்திவரதர் எழுந்தருளினார். அதுக்கு முன்னாடி 1979, அடுத்தது 2059. அந்த 48 நாள்ல கோயிலைச் சுத்தி இருந்த தெருக்கள்ல டீக்கடை, ரூம், பார்க்கிங், ஆட்டோ என்று எதுல கை வச்சாலும் காசு. சரி, அந்த ஆகஸ்ட் மாச வசூலைக் காட்டி ஒரு டீக்கடைக்காரர் 20 வருஷக் கடன் வாங்குவாரா? கேட்டா நம்மள ஒரு மாதிரி பார்ப்பார். தறி நெய்யுற வீட்டுலயும் இந்தக் கணக்கு உண்டு. கூலி புடவைக் கணக்குக்குத்தான். முகூர்த்த சீசன்ல ஆர்டர் குவியும், ஆடியிலயும் மார்கழியிலயும் டல் அடிக்கும். அதனால வீட்டுச் செலவு எப்பவும் டல் மாசத்தை மனசுல வச்சுத்தான் ஓடும்.

ஆனா அதே வீட்டுப் பையன் ஒரகடத்துலயோ ஸ்ரீபெரும்புதூர்லயோ கம்பெனி பஸ் ஏறினதும் இந்த அறிவை வாசல்லயே விட்டுட்டுப் போயிடுறான். மாசா மாசம் 1-ஆம் தேதி சம்பளம் வருது இல்லையா, அதனால அது நிரந்தரம் என்று ஒரு நம்பிக்கை.

ஒரு கணக்கு போடுவோம். ஒரு கம்பெனியில உங்களுக்கு பிடித்தம் போக நிலையான சம்பளம் 42,000. ஓ.டி., ஷிஃப்ட் அலவன்ஸ், ப்ரொடக்‌ஷன் இன்சென்டிவ் எல்லாம் சேர்ந்து நல்ல மாசத்துல இன்னும் 14,000. ஆக 56,000. லைன் டல்லா ஓடுற மாசத்துல அந்த 14,000, 2,000-ஆக சுருங்கிடும்.

கடன் கொடுக்கிறவங்க பொதுவா கடைசி மூணு மாச பே ஸ்லிப் கேட்பாங்க. அந்த மூணுமே நல்ல மாசமா அமைஞ்சு, 56,000-ல பாதியை இஎம்ஐ-க்குன்னு ஒருத்தர் கணக்கு போட்டா மாசம் 28,000. 8.5 சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் ஒரு லட்சத்துக்கு இஎம்ஐ சுமார் 868 ரூபாய். அப்போ 32 லட்சம் வரைக்கும் கடன் கிடைக்கும். உங்களுக்கும் சந்தோஷம், பில்டருக்கும் சந்தோஷம். டல் மாசம் வந்தா? 44,000-ல 28,000 போக கையில 16,000. அதுல வாடகை வீட்டை இன்னும் காலி பண்ணலை என்றால், அம்மாவுக்கு மருந்துச் செலவு இருந்தா, என்ன பண்ணுவீங்க? கிரெடிட் கார்டு தேய்ப்பீங்க. அதுக்கப்புறம் பிரச்சினை வீட்டுக் கடன் இல்லை, கார்டு வட்டிதான்.

அதே ஆள் 42,000-ஐ மட்டும் வருமானமா எடுத்து, அதுல 40 சதவீதத்தை இஎம்ஐ-க்கு ஒதுக்கினா மாசம் 16,800. கடன் 19 லட்சத்துச் சொச்சம். டல் மாசத்துலயும் 27,200 கையில நிக்கும். 13 லட்சம் குறையுதே, அந்த ஃப்ளாட் கிடைக்காதே என்று கேட்டா, ஆமா, கிடைக்காது. இன்னும் ரெண்டு வருஷம் காத்திருக்கணும், இல்லை சின்ன வீடா பார்க்கணும். நல்ல மாசத்து 14,000-ல 10,000 எடுத்து வச்சா, வருஷத்துல எட்டு நல்ல மாசம் வந்தாகூட 80,000 முன்பணத்துல சேரும். என் அபிப்ராயம் கறாரானதுன்னு சில பேர் சொல்லுவாங்க, பரவாயில்லை. ஓ.டி. பணத்துல இஎம்ஐ கட்டக் கூடாது. அந்தப் பணம் முன்பணத்துக்குப் போகலாம், கடனை முன்கூட்டி அடைக்கப் போகலாம், அவசர நிதிக்குப் போகலாம்.

ஐடி பசங்களுக்கு இதுவே வேற பேர்ல நடக்கும். ஜாயினிங் போனஸ், வேரியபிள் பே, ஆன்சைட் அலவன்ஸ். மூணுமே ஏலத் தொகை மாதிரிதான். அடுத்த வருஷம் அதே விலைக்கு எடுப்பாங்க என்று யாரும் எழுதிக் கொடுக்கலை.

சரி, கார்த்திக் எப்படி மேல வந்தார்?

2018 மார்ச் 18, கொழும்பு, நிதாஹாஸ் டிராஃபி ஃபைனல். 8 பந்துல 29 ரன், கடைசி பந்துல அஞ்சு ரன் தேவைப்பட்டப்போ சிக்ஸ். அந்த சிக்ஸ்தான் அவர் விலையை ஏத்தினது என்று பல பேர் நினைக்கிறாங்க. தேதியைப் பாருங்க. கொல்கத்தா 7.4 கோடிக்கு எடுத்தது அந்த வருஷம் ஜனவரி ஏலத்துல. கேப்டன் ஆக்கினதும் அந்த மேட்சுக்கு முன்னாடி. விலை ஏறின நேரத்துல கேமரா அவர் பக்கம் இல்லை.

எனக்கு அதைவிட முக்கியமா படுறது 2021. அந்த ஜூன் மாசம் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனலுக்கு இங்கிலாந்துல ஸ்கை டிவி கமென்ட்ரி பாக்ஸ்ல உட்கார்ந்தார், பூப்போட்ட சட்டையோட. அப்போ அவர் ஓய்வு பெறலை. ஜனவரியில அவர் தலைமையில தமிழ்நாடு சையது முஷ்டாக் அலி கோப்பை ஜெயிச்சிருந்தது, ஐபிஎல்-லயும் ஆடிக்கிட்டிருந்தார். முதல் வேலை கையில இருக்கும்போதே ரெண்டாவது வேலையை ஆரம்பிச்சுட்டார். அடுத்த வருஷம் பெங்களூரு அணிக்கு கடைசி ஓவர்கள்ல அடிக்கிற ஃபினிஷரா 330 ரன், ஸ்ட்ரைக் ரேட் 183. அதை வச்சு 37 வயசுல திரும்ப இந்திய அணி, டி20 உலகக் கோப்பை. 2024 ஜூன் 1, பிறந்தநாள் அன்னிக்கு ஓய்வு. சரியா ஒரு மாசத்துல அதே பெங்களூரு அணிக்கு பேட்டிங் கோச்.

சிஎஸ்கே ரசிகர்களுக்கு மைக் ஹஸ்ஸியை ஞாபகம் இருக்கும். 30 வயசுலதான் ஆஸ்திரேலியாவுக்கு டெஸ்ட் ஆடினார். 2018-ல இருந்து சென்னைக்கு பேட்டிங் கோச். இந்த ரெண்டு பேருக்கும் வாய்ப்பு வராத வருஷங்கள் நிறைய. தோனி வர்றதுக்கு மூணு மாசம் முன்னாடியே ஒருநாள் அணிக்கு வந்துட்டு, அப்புறம் டெஸ்ட்ல ஓப்பனர், மிடில் ஆர்டர், ஃபினிஷர் என்று காலி இருந்த இடத்துல எல்லாம் நின்னவர் கார்த்திக். 2007 இங்கிலாந்து டெஸ்ட் தொடர்ல இந்தியாவுக்கு அதிக ரன் எடுத்ததும் இவர்தான். அந்த இடம் மாறி இடம் மாறி ஆடின அனுபவம்தான் இன்னிக்கு கோச் வேலையில அவர் விக்கிற சரக்கு என்று நான் நினைக்கிறேன்.

உங்க ரெண்டாவது வேலை யூடியூப் சேனலா இருக்கணும் என்று அவசியம் இல்லை. கம்பெனிக்குள்ளயே குவாலிட்டியில இருந்து ட்ரெயினிங் பக்கம் போறது, மெயின்டனன்ஸ்ல இருக்கிறவர் ஒரு புது மெஷினோட ப்ரோக்ராமிங் கத்துக்கிறது, அக்கவுன்ட்ஸ்ல இருக்கிறவர் ஜிஎஸ்டி ரிட்டர்ன் தனியா போடப் பழகுறது. அதுக்கு ஆகுற கோர்ஸ் ஃபீஸை ஓ.டி. பணத்துல கட்டினா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

இப்போ வேலைக்கு வருவோம். கடைசி 24 மாச பே ஸ்லிப்பை எடுங்க, மூணு மாசம் பத்தாது. ஒவ்வொரு மாசமும் கைக்கு வந்த தொகையை ஒரு ஷீட்ல எழுதுங்க. மொத்தத்தைக் கூட்டி 24-ஆல் வகுத்தா சராசரி. இருக்கிறதுலயே குறைஞ்ச மூணு மாசத்தைத் தனியா எடுத்து, மூணால் வகுங்க. அதுதான் உங்க 2.3 கோடி. வாடகை, இஎம்ஐ, இன்சூரன்ஸ் ப்ரீமியம், சீட்டுப் பணம், வீட்டுக்கு அனுப்புறது எல்லாத்தையும் கூட்டி, இந்தக் குறைஞ்ச எண்ணுல எத்தனை சதவீதம் என்று பாருங்க. 60-ஐத் தாண்டினா புதுசா எந்தக் கடனுக்கும் கையெழுத்துப் போடாதீங்க, பைக் லோனா இருந்தாலும் சரி. உங்களுக்கு என்ன எண் வந்ததுன்னு கமென்ட்ல போடுங்க. கம்பெனி பேரும் சம்பளமும் வேண்டாம், சதவீதம் மட்டும் போதும். அடுத்த வீடியோவுல அதுல நாலஞ்சு எடுத்து, எந்தக் கடனை முதல்ல அடைக்கலாம்னு கணக்கு போட்டுக் காட்டுறேன்.