சாம்பல் நிறச் செங்கல்

1999 வரை போர்ச்சுக்கீசியர் ஆண்ட சீன ஊர் மக்காவ். அங்கே 1869 வாக்கில் கட்டிய மாண்டரின் மாளிகையின் படங்களை நூலகத்தில் பார்த்தேன். சீன முற்றம், சாம்பல் நிறச் செங்கல். கூடவே மேற்கத்திய வளைவுகள். ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் சிப்பி ஓடு!

புத்தகத்தை வாங்கிப் போய் அப்பாவிடம் காட்டினேன். அப்பா கொத்தனார், எழுத்து தெரியாது. வளைவை விட்டுவிட்டு, "செங்கல் ஏன்டா இந்த நிறம்? வேகலையா?" என்றார். சிவில் படிக்கிற நான் திருதிருவென முழித்தேன். என் ஃபீஸ் அவர் கட்டுவது.

மறுநாள் சார் விளக்கினார். செங்கல் வெந்ததும் சூளையை அடைத்து, மேலே தண்ணீர் விடுவார்கள். காற்று புகாததால் மண்ணிலுள்ள இரும்பு சிவக்காது; கல் சாம்பல் நிறமாகிவிடும்.

அப்பாவிடம் சொன்னேன். "நம்ம சூளையில காத்துப் படாத கல்லு கறுத்துத்தான் வரும். கழிச்சுக் கட்டிருவோம். அவன் அதையே வேணும்னு செஞ்சிருக்கான்" என்றார்.