கழிவுநீரைக் குடிநீராக்குதலும் மக்கள் மனமும்

ஊரார் குளித்தும் துவைத்தும் கழித்த நீரைச் சுத்திகரித்து, மீண்டும் குடிநீராகக் கொள்ளலாமா? இவ்வினாவைக் கேட்ட மாத்திரத்தில் நம்மில் பலர் முகம் சுளிப்பர். அச்சுளிப்பை அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் தகாது. கெட்ட நீரால் வாந்திபேதி பரவி, குடும்பங்கள் பல அழிந்த நாடு இது. அழுக்கு நீரைக் கண்டு அருவருத்தல் நம் உயிரைக் காத்து வந்த இயல்பாகும். எனினும், அவ்வருவருப்பு எப்போது நம்மைக் காக்கின்றது, எப்போது வீண் தடையாகின்றது என்பதை அங்கத்தினர்கள் ஆராய்ந்தறிதல் நலம்.

முதற்கண் நம் மாவட்டத்து நிகழ்ச்சி ஒன்றையே நோக்குவோம். காவிரிக் கரை ஊர்களின் கழிவுநீரில் ஒரு பகுதி அவ்வாற்றிலேயே கலக்கின்றது. அவ்வாற்று நீர் கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே வீராணம் ஏரியை அடைகின்றது. வடக்குத்தில் சுத்திகரிக்கப்பெற்று, 2004 முதல் சென்னை மக்களுக்குக் குடிநீராகச் செல்கின்றது. இதனைக் குடிப்போர் எவரும் கழிவுநீர் குடிப்பதாக எண்ணுவதில்லை. இடையில் ஓர் ஆறும் ஏரியும் இருப்பதால் மனம் அமைதி கொள்கின்றது. ஆற்றுக்குப் பதில் ஆலை ஒன்று இடையில் நின்றால் அமைதி கலைகின்றது.

அவ்வாலையில் நடப்பது யாது? முதலில் கசடு படியவிடப்படும். அடுத்து, நுண்ணுயிர்களைக் கொண்டு நீரில் கரைந்த அழுக்கு சிதைக்கப்படும். பின்னர் நுண்வடிகட்டிகளில் செலுத்தி, மிகுந்த அழுத்தத்துடன் மெல்லிய சவ்வின் ஊடே நீரைத் தள்ளுவர். இதற்கு எதிர்ச் சவ்வூடுபரவல் என்று பெயர். மெருகிடாத மட்பாண்டத்தில் நீர் கசிவதைப் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தார் நன்கறிவர். இச்சவ்வின் துளைகளோ மண்ணின் துளைகளினும் பன்மடங்கு நுண்ணியவை. உப்பும் நோய்க்கிருமியும் பெரும்பாலும் பின்தங்கிவிடும். எஞ்சியவற்றை அழிக்க இறுதியில் புறஊதாக் கதிர் பாய்ச்சப்படும்.

இவ்வித்தை புதியதன்று. ஆப்பிரிக்காவில் நமீபியா நாட்டின் தலைநகரான விண்ட்ஹுக், மழை குன்றிய ஊர். அங்கு 1968 முதற்கொண்டே சுத்திகரித்த கழிவுநீர் குடிநீருடன் நேரே கலக்கப்பட்டு வருகின்றது.

ஆயினும், வித்தை ஒன்றாயிருப்பினும் மக்கள் தீர்ப்பு ஒன்றாயிருப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் டுவூம்பா நகரம் 2006-இல் கடும் வறட்சியில் வாடியது. கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீர் அணையில் சேர்க்கும் திட்டம் ஆங்கு வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. எதிர்த்தவர்கள் 'சாக்கடை குடிப்பதை எதிர்க்கும் குடிமக்கள்' எனப் பொருள்படும் பெயரிலேயே சங்கம் அமைத்தனர். ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் வேண்டாமென்று வாக்களித்தனர்.

தமிழர் பலர் வாழும் சிங்கப்பூர் வேறு வழி சென்றது. 2000-இல் சோதனை ஆலை நிறுவி ஈராண்டுகள் நீரைப் பரிசோதித்தனர். வல்லுநர் குழுவின் முடிவை 2002-இல் வெளியிட்டனர். அவ்வாண்டுத் தேசிய தின விழாவில் பிரதமர் கோ சோக் தோங் அந்நீரைப் பருக, கூடியிருந்த ஏறத்தாழ 60,000 பேர் உடன் பருகினர். 2003-இல் விநியோகம் தொடங்கியது. பொதுமக்கள் வந்து கண்டறியப் பார்வையாளர் நிலையம் ஒன்றும் திறக்கப்பெற்று, 2024 வரை நடைபெற்றது. இன்றும் அந்நீரின் பெரும்பகுதி ஆலைகளுக்கே செல்கின்றது. வறண்ட காலங்களில் மட்டும் சிறு பகுதி நீர்த்தேக்கங்களில் சேர்க்கப்பட்டு, மீண்டும் சுத்திகரித்து வழங்கப்படுகின்றது.

நம் மாநிலத்திலும் முதற்படி எடுத்து வைக்கப்பட்டுள்ளது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, மக்கள் குடங்களுடன் லாரிக்குக் காத்து நின்றனர். அவ்வாண்டிலேயே கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும், நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் கழிவுநீரை எதிர்ச் சவ்வூடுபரவல் வரை சுத்திகரிக்கும் ஆலைகள் தொடங்கப்பட்டன. இந்நீர் குடிப்பதற்கன்று, மணலி, ஸ்ரீபெரும்புதூர் முதலிய இடங்களிலுள்ள தொழிற்சாலைகளுக்கு உரியது. தொழிற்சாலை கழிவுநீரைக் கொள்ளுமளவுக்கு நன்னீர் குடிமக்களுக்கு மிஞ்சும். ஆதலின் குடிக்க மனம் ஒப்பாதவர்க்கும் இதனால் ஆதாயமுண்டு.

இவற்றால் அறியத்தக்கது ஒன்று. மக்களை இணங்கச் செய்வது இயந்திரத்தின் ஆற்றல் மட்டுமன்று. ஒளிவு மறைவற்ற சோதனையே நம்பிக்கையை வளர்க்கும். இது கூட்டுறவாளர்க்குப் புதிய பாடமன்று. பால் சங்கத்தில் பாலை உறுப்பினர் எதிரில் அளக்கின்றோம். நெசவாளர் சங்கத்தில் நூலின் நம்பரையும் எடையையும் சரிபார்த்தே பெறுகின்றோம். வரவு செலவுக் கணக்கைப் பொதுக்குழு முன் வைக்கின்றோம். நீருக்கும் அம்முறையே பொருந்தும்.

இத்தகைய திட்டம் நாளை நம்மூருக்கு வருமாயின், அங்கத்தினர்கள் மூன்று வினாக்களைத் தவறாது எழுப்ப வேண்டும். நீரைச் சோதிப்பவர் ஆலையை நடத்துபவர்க்கு அடங்காதவரா? சோதனை முடிவு, நலமாயினும் குறையாயினும், ஊரறியத் தமிழில் வெளியிடப்படுமா? சோதனையில் நீர் தவறினால் விநியோகத்தை உடனே நிறுத்த ஏற்பாடு உண்டா? இவற்றுக்குத் தெளிவான விடை கிடையாதவரை மறுப்பது குடிமக்களின் உரிமை. கிடைத்த பின்னரும், நீரின் பூர்வோத்தரம் ஒன்றையே சொல்லி மறுப்பது விவேகமன்று.

நமக்கும் கடமையொன்று உண்டு. சாயப்பட்டறை நீரும் பீங்கான் பட்டறையின் மெருகுக் கலவை கழுவிய நீரும் வீட்டுச் சாக்கடையில் கலத்தல் கூடாது. அவற்றிலுள்ள உப்புகளும் உலோகங்களும் நுண்ணுயிர்களைக் கெடுத்துச் சுத்திகரிப்பையே கடினமாக்கும். மணிமுத்தாற்றில் வெள்ளம் வரும் நாட்கள் சிலவே. வறண்ட நாட்கள் பல. சாக்கடையில் நாம் இன்று எதனை விடுகின்றோமோ அதனைப் பொறுத்தே, நாளை அந்நீர் ஆலைக்கேனும் குடத்திற்கேனும் பயன்படுமா என்பது அமையும்.