சூடேறிய மின்செருகி

ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு வீவக வீட்டின் சமையலறை. சுவரிலிருந்த ஒரே மின்குதையில் நீட்டிப்புக் கம்பி ஒன்று செருகப்பட்டிருந்தது. மின்கேத்தல், சோறு சமைக்கும் மின்பானை, ரொட்டி சுடும் கருவி ஆகிய மூன்றும் அதன் வழியே ஒரே நேரத்தில் இயங்கின. தண்ணீர் கொதித்தது, ரொட்டியும் பொன்னிறமானது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுச் செருகியைக் கழற்றப்போன பாட்டி, சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். செருகி சுட்டது. அதன் வெள்ளை நெகிழியில் பழுப்புக் கறையும் படிந்திருந்தது.

“ஃபியூஸ் போகவில்லையே, பிறகு எப்படி இவ்வளவு சூடு?” என்று பாட்டி கேட்டார்.

“கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம், பாட்டி,” என்றாள் உயர்நிலை மூன்றில் பயிலும் பேத்தி. கருவிகள் ஆறியபின், அவற்றின் அடியில் அச்சிடப்பட்டிருந்ததைப் படித்துக் குறித்துக்கொண்டாள். கேத்தல் 2300 வாட், மின்பானை 690 வாட், ரொட்டி சுடும் கருவி 920 வாட்.

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் மின்திறன் கிடைக்கும். எனவே, மின்திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம் தெரிந்துவிடும். சிங்கப்பூர் வீடுகளில் மின்னழுத்தம் 230 வோல்ட். அதன்படி கேத்தலுக்கு 10 ஆம்பியர், மின்பானைக்கு 3, ரொட்டி சுடும் கருவிக்கு 4. மொத்தம் 17 ஆம்பியர். செருகியின் அளவோ 13 ஆம்பியர்தான். அதாவது, அது 230 × 13 = 2990 வாட் வரையே தாங்கும். அன்று காலை அதன் வழியே சென்றது 3910 வாட்.

13 ஆம்பியரைத் தாண்டிய நொடியே ஃபியூஸ் எனப்படும் உருகி அறுந்துவிடும் என்று பலர் நம்புகின்றனர். அப்படியன்று. அளவைவிடச் சற்று மிகுந்த மின்னோட்டத்தை உருகி நெடுநேரம் தாங்கும். அவ்வளவு நேரமும் கம்பியும் செருகியும் சூடேறிக்கொண்டே இருக்கும்.

சூடு ஏன் செருகியில் குவிந்தது? இதற்கு மின்தடையைப் பார்க்க வேண்டும். மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகியவற்றின் தொடர்பை ஜெர்மானிய ஆசிரியர் கியோர்க் ஓம் 1827இல் நூலாக வெளியிட்டார். அவர் நாட்டினர் அதை முதலில் பெரிதாக மதிக்கவில்லை. 1841இல் லண்டன் அரச கழகம் அவருக்குக் கோப்ளி பதக்கம் வழங்கியது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். கேத்தலின் மின்தடை 230 ÷ 10 = 23 ஓம். ரொட்டி சுடும் கருவிக்கு 57.5 ஓம். மின்தடை குறைந்த கேத்தல்தான் அதிக மின்திறனை எடுக்கிறது என்பதை மாணவர்கள் பலர் தலைகீழாக நினைத்துக்கொள்வதுண்டு.

செருகியின் கதை வேறு. அதன் உலோக முனை மின்குதையில் தளர்வாக இருந்தால், தொடும் இடத்தில் 0.5 ஓம் அளவு தடை உண்டாகலாம். அங்கே 17 ஆம்பியர் பாய்ந்தால், 17 × 0.5 = 8.5 வோல்ட் அந்த இடத்திலேயே செலவாகும். 8.5 × 17 என்பது ஏறத்தாழ 145 வாட். கேத்தலின் 2300 வாட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. விரல்நுனி அளவு இடத்தில் எழும் 145 வாட்டை வாங்கிக்கொள்ள நெகிழியைத் தவிர வேறொன்றும் இல்லை.

பேத்தி தாளைப் பாட்டியிடம் நீட்டினாள். பழுப்பேறிய நீட்டிப்புக் கம்பி அன்றே குப்பைக்குப் போனது. தளர்ந்த மின்குதையை மாற்ற, உரிமம் பெற்ற மின்பணியாளர் மறுநாள் வந்தார். அதுவரை கேத்தல் வரவேற்பறையில், தனிக் குதையில் கொதித்தது.