சாயலுக்கும் கட்டிக்கும் சம்பந்தமில்லை

"சின்னவன் அப்படியே என் ஜாடை டாக்டர், அவனுக்கு வேண்டாம். பெரியவளுக்கு மட்டும் ரத்தம் எடுங்க."

டெல்லியில் ஹார்மோன் சுரப்பிக் கட்டிகளுக்கு வைத்தியம் பார்க்கிற எனக்கு அம்மாக்களின் இந்தப் பேச்சு கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. அப்பாவுக்கு மெடுல்லரி தைராய்டு புற்றுநோய், ஆபரேஷன் ஆகிவிட்டது. அவரை உரித்து வைத்தாற்போல் இருக்கும் பிள்ளையை மட்டும் ஆர்.கே.புரத்திலிருந்து ஆட்டோவில் கூட்டி வருகிறார்கள். மற்றது ஸ்கூலில்!

மூக்கும் முழியும் வேறு, ரெட் மரபணு வேறு. ரெட் இருப்பது 10-ஆவது குரோமோசோமில். அதில் வரும் பழுதுதான் பரம்பரை மெடுல்லரி புற்றுநோய்க்குக் காரணம் என்பது 1993-இலேயே தெரிந்துவிட்டது. அப்பாவிடம் ரெட்டில் இரண்டு பிரதிகள்: ஒன்று நல்லது, ஒன்று பழுது. பிள்ளைக்குப் போவது அதில் ஏதோ ஒன்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அக்காவுக்கு வந்ததால் தம்பி தப்பினான் என்ற கணக்கே கிடையாது. ஆண், பெண் என்ற பேதமும் இல்லை.

ஜாடை பார்த்து விட்டுவைத்த பையனுக்கு என்ன ஆகும்? பழுது ரெட்டின் 634-ஆவது இடத்தில் இருந்தால், 5 வயதுக்குள் தைராய்டை எடுத்துவிடச் சொல்கிறது அமெரிக்க தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டி. 918-ஆவது இடமென்றால் முதல் வயதிலேயே. கட்டி கையில் தட்டுப்படட்டும் என்று காத்திருந்தால், அதற்குள் பெரும்பாலும் கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கும். பழுது இல்லையென்று தெரிந்த பிள்ளைக்கோ இதற்காக வருஷா வருஷம் சோதனையே வேண்டாம். அந்த நிம்மதியையும் சேர்த்துத்தான் பறிக்கிறீர்கள்.

யார் வழியாக வந்தது என்பது முக்கியமாகிற மரபணு ஒன்று உண்டு: எஸ்.டி.எச்.டி. அப்பா வழி வந்தால் பாராகாங்லியோமா கட்டி வரலாம். அம்மா வழி வந்தால் அநேகமாக வராது. ஆனால் அம்மாவிடமிருந்து வாங்கிய மகன் நோயில்லாமலே அதைத் தன் பிள்ளைக்குக் கொடுக்கலாம். அங்கேயும் முகஜாடைக்கு வேலையில்லை.

நான் கேட்கும் மற்றப் பேச்சுகளுக்குச் சுருக்கமாகப் பதில்.

"தைராய்டு டெஸ்ட் நார்மல்." டி.எஸ்.எச். இந்தப் புற்றுநோயைக் காட்டாது. பார்க்க வேண்டியது கால்சிடோனின்.

"எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லை." பழுது உங்களிடமே புதிதாகத் தொடங்கியிருக்கலாம். மெடுல்லரி என்றாலே ரெட் சோதனை உண்டு.

"வெறும் வயிற்றில் வரணுமா?" வேண்டாம். ஊதா மூடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான்.

"ரிசல்ட் வந்தால் இன்சூரன்ஸ் போச்சு." மரபணு நோய் என்று மொத்தமாக ஒதுக்குவது பாகுபாடு என்றது டெல்லி உயர் நீதிமன்றம், 2018 பிப்ரவரியில். அதைக் காரணம் காட்டி மருத்துவக் காப்பீட்டு க்ளெய்மை மறுக்கக் கூடாதென்று காப்பீட்டு ஆணையம் அடுத்த மாதமே உத்தரவிட்டது.

முதலில் சோதிக்க வேண்டியவர் நோயாளி. அவருடைய பழுது எந்த இடத்தில் என்று தெரிந்தால்தான் பிள்ளைகளின் 'இல்லை' என்ற ரிசல்ட்டை நம்ப முடியும். வேலூர் சி.எம்.சி.யில் இந்தச் சோதனை பல காலமாக நடக்கிறது.

கடைசியாக, நான் எல்லோரிடமும் சண்டை போடும் விஷயம்: பயாப்சி ரிப்போர்ட். "தாத்தாவுக்குக் கழுத்துல ஏதோ ஆபரேஷன்" என்கிறீர்கள். பாப்பில்லரியா, மெடுல்லரியா என்று கேட்டால் முழிக்கிறீர்கள். வீடு மாறும்போது காகிதம் போய்விட்டதாம்! கேஸ் அடுப்பு, பாத்திரம் எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது. ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லோர் வீட்டிலும் ஒன்று வையுங்கள். அடுத்த முறை வரும்போது அதையும் எடுத்து வாருங்கள், எல்லாப் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.