டயரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்

டென்வரிலோ சால்ட் லேக் சிட்டியிலோ இறங்கி, வாடகைக் கார் எடுத்து, ஒரு வாரம் தனியாக மலை மலையாகச் சறுக்கிவிட்டு வர வேண்டும். கையில் காசு குறைவு. ஸ்கீயைக் காலில் மாட்டியதே இல்லை. இப்படிச் சொல்லிக்கொண்டு யோசனை கேட்க வருகிற பிள்ளைகள் இப்போது அதிகம். படிக்க வந்தவர்கள், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். காப்பியில் தினம் மூன்று டாலர் மிச்சம் பிடிக்கக் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். லிஃப்ட் டிக்கெட்டை மட்டும் அன்று காலை மலையில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று இருப்பார்கள். இந்தப் பயணத்தில் பணம் ஒழுகுவது மூன்று நான்கு பெரிய ஓட்டைகளில்தான். அவற்றை ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே அடைத்துவிட்டால், காப்பியைத் தாராளமாகவே குடிக்கலாம். தம்பி, தங்கச்சி, இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

1. முதலில் கிழமையைப் பார். திங்கள் முதல் வியாழன் வரை ஒரு விலை, வெள்ளி மாலையிலிருந்து வேறு விலை. அறை வாடகை, டிக்கெட், பார்க்கிங், லிஃப்ட் வரிசை எல்லாமே அப்படித்தான். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை, ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் நாள், பிப்ரவரியில் பிரசிடெண்ட்ஸ் டே, இந்த மூன்றையும் காலண்டரில் அடித்துவிடு. ஜனவரி நடுப்பகுதிக்குப் பிறகு வருகிற வார நாட்கள் உனக்கு. பல மலைகளில் புதியவர்களுக்கான சலுகைப் பாடம் வைப்பதும் ஜனவரியில்தான்.

2. பெயரைப் பார்த்து மலையைத் தேர்ந்தெடுக்காதே. வெய்ல், பார்க் சிட்டி போன்ற இடங்களில் கூட்ட நாளன்று ஒரு நாள் டிக்கெட் 300 டாலரைத் தாண்டிவிட்டது. முதல் இரண்டு நாளும் நீ நிற்கப்போவது அடிவாரத்தில், குழந்தைகள் சறுக்கும் சரிவில், நடைபாதை போல நகரும் ஒரு பட்டையில் ஏறி இறங்கிக்கொண்டு. அந்தச் சரிவு எல்லா மலையிலும் ஒன்றுதான். அதற்கு 300 டாலர் எதற்கு?

கொலராடோவில் லெட்வில் பக்கம் ஸ்கீ கூப்பர் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் கேம்ப் ஹேலில் இருந்த அமெரிக்காவின் 10ஆவது மலைப் படைப்பிரிவு பனியில் சறுக்கப் பழகிய இடம். சரிவுகள் சாது, கூட்டம் குறைவு. சலைடாவுக்கு மேலே மோனார்க். யூட்டாவில் லோகன் நகரிலிருந்து ஏறினால் பீவர் மவுண்டன். 1939 முதல் ஒரே குடும்பம் நடத்தி வருவது. மொன்டானாவில் போஸ்மன் அருகே பிரிட்ஜர் போல், லாப நோக்கமில்லாத அமைப்பு நடத்துகிறது. இங்கெல்லாம் டிக்கெட் விலை மனிதர் கொடுக்கக்கூடியதாக இருக்கும். எங்கே போனாலும் லிஃப்ட், பாடம், வாடகை ஸ்கீ மூன்றும் சேர்ந்த புதியவர் பேக்கேஜ் உண்டா என்று முன்கூட்டியே இணையத்தில் பார்த்து வாங்கு. தனித்தனியாக வாங்கினால் இரட்டிப்பாகிவிடும்.

எபிக், ஐகான் என்று இரண்டு பெரிய பாஸ்கள் உண்டு. சீசன் தொடங்குவதற்கு முன்பே வாங்க வேண்டியவை அவை. முதல் வருஷம் உனக்கு இரண்டும் வேண்டாம். சறுக்கல் பிடித்துப்போய் அடுத்த வருஷமும் வருவதாக இருந்தால், இண்டி பாஸைப் பார். சின்னச் சின்ன மலைகள் சேர்ந்த ஏற்பாடு. ஒவ்வொன்றிலும் இரண்டு நாள்.

3. பாடத்துக்குக் காசு கொடு. யூடியூப் பார்த்து வருகிறேன் என்கிறவர்களை மதியத்துக்குள் மலையின் மீட்புக் குழுவான ஸ்கீ பேட்ரோல் ஸ்லெட்டில் வைத்து இறக்குவதைப் பார்க்கலாம். வார நாளில் குழுப் பாடத்துக்குப் போனால் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். குழுவுக்குக் கொடுத்த காசில் ஏறக்குறைய தனிப் பாடமே கிடைத்துவிடும். ஸ்கீயின் முன்முனைகளைச் சேர்த்துப் பின்பக்கம் அகட்டினால் "பீட்சா", நேராக வைத்தால் "ஃபிரெஞ்ச் ஃபிரை". ஐந்து வயதுக் குழந்தைக்குச் சொல்லித்தருகிற அதே பாடம்தான் உனக்கும். வெட்கப்படாதே.

4. பூட்ஸ் விஷயத்தில் அவசரப்படாதே. மலையடிவாரக் கடையைவிட ஊருக்குள் இருக்கிற கடையில் வாடகை மலிவு. முந்தின நாள் சாயங்காலமே போய் எடுத்துக்கொள். பேக்கேஜிலேயே வாடகை சேர்ந்திருந்தால் காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகப் போ.

மெல்லிய, நீளமான ஒரே ஒரு ஜோடி சாக்ஸ். குளிருமே என்று இரண்டு ஜோடி போட்டால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு அதிகமாகத்தான் குளிரும். பேன்ட்டின் கீழ்நுனி பூட்ஸுக்குள் போகக் கூடாது. அந்தச் சின்ன மடிப்பு மதியத்துக்குள் கணுக்காலைப் புண்ணாக்கிவிடும். மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றால் கட்டைவிரல் முன்பக்கத்தில் லேசாக உரச வேண்டும். முழங்காலை மடித்து முன்னால் சாய்ந்தால் விரல் பின்வாங்க வேண்டும். குதிகால் மேலே எழும்பினால் அது உன் அளவு இல்லை. செருப்பு மாதிரி சுகமாக இருக்கிறதே என்று பெரிய அளவை எடுத்துவிடாதே. இறுக்கமாக இருப்பதுதான் சரி, வலிப்பது சரியில்லை.

கடைக்காரர் ஒரு தாளை நீட்டி எடை, உயரம், வயது, எவ்வளவு பழக்கம் என்று எழுதச் சொல்வார். அங்கே பெருமைக்காகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். விழும்போது எவ்வளவு விசைக்கு ஸ்கீ காலை விட்டுக் கழன்றுகொள்ள வேண்டும் என்பதை அந்தக் கணக்கை வைத்துத்தான் திருகுவார்கள். கழல வேண்டிய நேரத்தில் கழலாவிட்டால் முறுக்கு முழங்காலுக்குப் போகும்.

5. ஜீன்ஸ் கூடாது, பருத்தி பனியனும் கூடாது. நனைந்தால் காயாது. மேல்சட்டையும் பேன்ட்டும் நண்பரிடம் இரவல் வாங்கு, அல்லது மலை ஊர்களில் பழைய துணி விற்கிற கடைகளில் பார். நல்ல நிலையில் கிடைக்கும். கையுறையும் கண்ணாடியும் சொந்தமாக இருக்கட்டும். சன்ஸ்கிரீன் அவசியம். ஏறுகிற ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் பத்து சதவீதம் போலக் கூடுகிறது, கீழே கிடக்கும் பனியும் அதை முகத்துக்கே திருப்பி அடிக்கிறது. நம் தோலுக்கு ஒன்றும் ஆகாது என்பவர்கள் மாலையில் மூக்கைத் தொட்டுப் பார்க்கட்டும்.

6. மலைமேல் படுக்காதே, கீழே ஊரில் படு. பார்க் சிட்டி அறைக்குக் கொடுக்கிற காசில் சால்ட் லேக் சிட்டியில் பெரும்பாலும் இரண்டு இரவு தங்கலாம். ஸ்னோபேசினுக்கு ஆக்டன், மோனார்க்குக்கு சலைடா. வயோமிங்கில் ஜாக்சன் ஊர் உனக்குக் கட்டுப்படியாகாது. டீட்டன் மலைக்கு அந்தப்பக்கம் ஐடஹோவில் இருக்கும் டிரிக்ஸில் தங்கி கிராண்ட் டார்கீக்குப் போ. அந்த மலை இருப்பது வயோமிங்கில், அங்கே ஏறும் சாலை மட்டும் ஐடஹோ வழியாக!

சாலையோர மோட்டல்களில் பாதிக்கு மேல் இந்திய வம்சாவளியினர் நடத்துவது, அதிலும் குஜராத்திப் படேல்கள். இணையத்தில் விலையைப் பார்த்துவிட்டு மோட்டலுக்கே நேராகப் போன் செய்து, மூன்று இரவு தங்கினால் என்ன விலை என்று கேள். வார நாளில் காலி அறையை வைத்துக்கொண்டு யாரும் முறைக்க மாட்டார்கள். மைக்ரோவேவும் ஃபிரிட்ஜும் உண்டா என்று அதே போனில் கேட்டுவிடு. உன் சாப்பாட்டுச் செலவே அந்த இரண்டில்தான் இருக்கிறது. தனியாக வருகிற பெண்கள், கதவு நேராகக் கார் நிறுத்துமிடத்தில் திறக்கிற அறையை விட்டுவிட்டு, உள்நடை வழியாகப் போகிற மாடி அறையைக் கேட்கலாம். ரெனோ சூதாட்ட விடுதிகளில் வார நாள் வாடகை ஆச்சரியமாகக் குறைவாக இருக்கும். பில்லின் அடியில் "ரிசார்ட் ஃபீ" என்று ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். அதையும் கூட்டிப் பார்த்து முடிவு செய். கீழ்த்தளத்தில் இருக்கிற இயந்திரங்கள் பக்கம் போனால் என் அறிவுரை எதுவும் உன்னைக் காப்பாற்றாது.

காரிலேயே தூங்கிக்கொள்கிறேன் என்று ஆரம்பிக்காதே. கோடையில் சரி. ஜனவரி ராத்திரியில் மலைப்பக்கம் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி வரை போகும்.

7. சாப்பாடு. மலைமேல் கேன்டீனில் ஒரு பர்கரும் குளிர்பானமும் உன் ஒரு நாள் சாப்பாட்டுப் பணத்தை விழுங்கிவிடும். அதே கட்டிடத்தில், பெரும்பாலும் கீழ்த்தளத்தில், வீட்டிலிருந்து கொண்டுவந்ததைச் சாப்பிட மேசை போட்டிருப்பார்கள். சின்ன மலைகளில் அங்கே ஒரு மைக்ரோவேவும் இருக்கும். உள்ளூர்க் குடும்பங்கள் சூப் டப்பாவைச் சூடு பண்ண வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். அந்த வரிசையில் போய் நில். புளியோதரை இதற்கென்றே பிறந்த சோறு. கெடாது, ஆறினாலும் ருசிக்கும். தயிர் சாதம் ஸ்கீ நாளுக்கு ஆகாது. உறைகிற குளிரில் அதை யார் சாப்பிடுவது? ஒரு ஃபிளாஸ்க்கில் வெந்நீர், பையில் வேர்க்கடலை, கொஞ்சம் சாக்லெட்.

ஊருக்குள் நுழைந்ததும் முதல் நிறுத்தம் பலசரக்குக் கடை. காஸ்ட்கோ அட்டை இருந்தால், ஹாட் டாகும் குளிர்பானமும் 1985 முதல் அதே ஒன்றரை டாலர்தான். சுட்ட முழுக்கோழி ஒன்றை வாங்கினால் ஒற்றை ஆளுக்கு இரண்டு வேளை. சைவம் என்றால் ஒரு எச்சரிக்கை: மெக்சிகன் கடையில் பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது உண்டு, கொலராடோ, நியூ மெக்சிகோவில் கிரீன் சில்லி குழம்பில் பன்றிக்கறி இருக்கலாம். கேட்டு வாங்கு, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

8. இப்போது டயர். இவ்வளவு நேரம் மிச்சம் பிடித்ததெல்லாம் இங்கே செலவழிக்கத்தான். வாடகைக் கார் கம்பெனி பெரும்பாலும் எல்லாக் காலத்துக்குமான டயரைத்தான் போட்டுக் கொடுக்கும். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் பனித்துகளும் வரைந்த முத்திரை இருக்கிறதா என்று குனிந்து பார். அதுதான் பனிக்குச் சோதித்த டயர். வெறும் எம்-எஸ் எழுத்து அந்த உத்தரவாதத்தைத் தராது. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி என்று கவுண்டரில் புகழ்வார்கள். அது கிளம்புவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது. வழுக்கும் சாலையில் நிறுத்துவது டயர் மட்டுமே. சங்கிலி போட அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்தில் படி. பல கம்பெனிகள் போடவே கூடாது என்கின்றன.

கொலராடோவில் ஐ-70 சாலையில், மோரிசனுக்கும் டாட்ஸெரோவுக்கும் இடையே, செப்டம்பர் 1 முதல் மே 31 வரை இதற்கென்றே சட்டம் இருக்கிறது. தகுதியில்லாத டயரோடு போனால் அபராதம். நல்ல டயர் கிடைக்கவில்லையா? பனி கொட்டுகிற நாளில் காரைக் கீழேயே விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறு. சால்ட் லேக் பக்கம் காட்டன்வுட் பள்ளத்தாக்குகளுக்கு ஸ்கீ பஸ் போகிறது. டென்வரிலிருந்து ஸ்னோஸ்டாங் போகிறது. பனிப் பழக்கமுள்ள டிரைவர் ஓட்ட, நீ ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு போகலாம்.

9. சாலை மூடினால் விட்டுவிடு. வயோமிங்கில் லாரமிக்கும் ராலின்ஸுக்கும் இடையே ஐ-80 காற்றாலும் பனியாலும் அடிக்கடி மூடப்படும், கேட்டையே இறக்கிவிடுவார்கள். வரைபடச் செயலி குறுக்கே ஒரு கிராமத்துச் சாலையைக் காட்டும். அதை நம்பிப் போகாதே. கிளம்பும்போதே ஒரு இரவு அறை வாடகையைத் தனியாக எடுத்துவை, தொடவே கூடாத பணமாக. அது இருந்தால்தான் "எப்படியாவது போய்விடலாம்" என்ற புத்தி வராது. கிளம்பும் முன் 511 எண்ணில் சாலை நிலவரம் கேள்.

டேங்க் பாதிக்குக் கீழே இறங்க விடாதே. யூட்டாவில் கிரீன் ரிவரிலிருந்து சலைனா வரை நூறு மைலுக்கு மேல் ஒரு பெட்ரோல் பங்க்கூடக் கிடையாது. மலை மாநிலங்களில் "ரெகுலர்" என்பது பல இடங்களில் 85 ஆக்டேன்; வண்டிக் கையேடு 87 கேட்டால் அடுத்த பொத்தானை அழுத்து. போர்வை, சின்ன மண்வெட்டி, தண்ணீர் வண்டியில் இருக்கட்டும். நடுவழியில் சிக்கிக்கொண்டால் வண்டியை விட்டு இறங்கி நடக்காதே. ஹீட்டருக்காக எஞ்சினைப் போடுவதற்கு முன் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியைத் தோண்டி எடு. அடைத்திருந்தால் நச்சுப் புகை உள்ளே வரும், வாசனைகூடத் தெரியாது.

10. தனியாக வந்ததில் ஒரு லாபம் உண்டு. லிஃப்டுக்கு ஓரமாக "சிங்கிள்ஸ்" என்று தனி வரிசை இருக்கும். நான்கு பேர் நாற்காலியில் மூன்று பேர் குடும்பம் வந்தால், லிஃப்ட் ஆள் உன்னைப் பார்த்து ஒரு விரலைக் காட்டுவார். அரை மணி வரிசையை ஐந்து நிமிஷத்தில் கடந்துவிடுவாய். மேலே போகிற பத்து நிமிஷத்தில் பக்கத்தில் இருப்பவரோடு பேசு. எந்தச் சரிவில் பனி நன்றாக இருக்கிறது, எந்தக் கடையில் டாக்கோ மலிவு என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும்.

நஷ்டமும் உண்டு. விழுந்தால் பார்க்க ஆளில்லை. அந்த மலையின் ஸ்கீ பேட்ரோல் எண்ணைக் காலையிலேயே போனில் ஏற்று. மரங்களுக்குள் போகாதே; மரத்தடியில் தளர்ந்த பனிக்குழி இருக்கும், தலைகீழாக விழுந்தால் தானாக எழ முடியாது. எளிய சரிவுக்குக் குறியான பச்சை வட்டத்திலேயே இரு, அடுத்த நிலையான நீலச் சதுரம் நாளைக்கு. மலைக்குள் பேட்ரோல்காரர்கள் தூக்கி வருவதற்குப் பொதுவாகக் காசு வாங்குவதில்லை. அடிவாரத்திலிருந்து ஆஸ்பத்திரி வரை வருகிற ஆம்புலன்ஸுக்குத்தான் பில் வரும். மருத்துவ இன்சூரன்ஸ் என்ன தரும் என்று படித்துவிட்டு வா. கால் நடுங்க ஆரம்பித்ததும் நிறுத்து, மணி இரண்டாக இருந்தாலும் சரி.

11. முதல் ராத்திரியே லெட்வில்லில் தங்காதே. அந்த ஊர் 10,000 அடிக்கு மேல். உடம்பு உயரத்துக்குப் பழக டென்வரில் ஒரு இரவு தங்கிவிட்டுப் போ, தண்ணீர் நிறையக் குடி, அன்று மது வேண்டாம்.

12. திரும்பும் நாள் ஞாயிறாக அமைந்துவிட்டால், மதியத்துக்குப் பிறகு ஐ-70இல் டென்வர் நோக்கிக் கிளம்பாதே. ஐசன்ஹவர் சுரங்கத்திலிருந்து கார்கள் ஊர்ந்துகொண்டு வரும். பதினொரு மணிக்கே சறுக்கலை முடித்துக் கிளம்பு. அல்லது கொலராடோவிலேயே வழியில் இருக்கிற ஐடஹோ ஸ்பிரிங்ஸில் இறங்கி, இருட்டும் வரை தங்கி, 1973இல் தொடங்கிய போ ஜோஸ் கடையில் பீட்சா சாப்பிடு. கனமான ஓரத்தைத் தேனில் தொட்டுத் தின்பது அங்கே வழக்கம். மேசையிலேயே தேன் புட்டி இருக்கும். ஒற்றை ஆள் சின்ன அளவு கேட்டாலே மிஞ்சும். கட்டிக்கொண்டு வந்துவிடு, மறுநாள் காலை விமானத்துக்கு முன்னால் உதவும்.